நட்டைத் தளர்த்தும் முன்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் நெல் லாரிகளுக்கு வேலை பார்க்கும் ஷெட்டுத் தம்பிகளுக்கு,

முப்பத்தைந்து வருஷம் லாரிக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் எழுதுகிறேன். இப்போது முட்டி சொன்னபடி கேட்பதில்லை. ஆனாலும் சாயங்காலமானால் கால் தானாக ஷெட்டுகள் இருக்கும் பக்கம் போய்விடுகிறது. போன வாரம் அப்படிப் போனபோது ஒரு லாரியின் பின்சக்கர ஹப்புக்குப் புது பேரிங் போட்டிருந்தார்கள். ஒரு பையன் ட்ரம்மை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தான். அரைச் சுற்று போய் நின்றுவிட்டது. மறுபடி தள்ளினான், அதே இடத்தில் நின்றது. "பிடிக்குதுண்ணே" என்றான். "நட்டக் கொஞ்சம் விட்டுக் குடுடா, ஓட ஓட சரியாயிடும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பையன் விட்டுக் கொடுத்தான். ஹப்பு சுற்றியது. சக்கரத்தை மாட்டினார்கள்.

நான் வாய் திறக்கவில்லை. அடுத்தவர் ஷெட்டில் நின்று புத்தி சொல்வது நம் தொழிலில் வழக்கமில்லை. ஆனால் அந்த "ஓட ஓட சரியாயிடும்" அன்றிலிருந்து காதிலேயே இருக்கிறது. நானும் அதைச் சொன்னவன்தான். அதனால் அந்த ஷெட்டுக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

அவசரம் என்னவென்று எனக்கும் தெரியும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால் குறுவை. அது அறுவடைக்கு வரும் புரட்டாசி, ஐப்பசியில் மழையும் கூடவே வந்து நிற்கும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வாங்கமாட்டோம் என்று தலையாட்டிவிடுவார்கள். எடுத்த நெல்லோ 40 கிலோ மூட்டையாகத் தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கிக் கிடக்கும். லாரி வந்து அதைத் தூக்கிக் கிடங்குக்கோ, தஞ்சாவூர், நீடாமங்கலம், மன்னார்குடி ஸ்டேஷனில் நிற்கும் சரக்கு ரயிலுக்கோ கொண்டுபோனால்தான் அடுத்த விவசாயியின் மூட்டைக்கு இடம். நடுவில் ஒரு லாரி ஜாக்கியில் ஏறி நின்றால் ஓனர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு போன் போடுவார். டிரைவர் அண்ணன் டீக்கடைக்கும் ஷெட்டுக்குமாக நடப்பார். அந்த நேரத்தில் இறுகிய ஹப்பைத் திரும்பப் பிரிக்க யாருக்கு மனசு வரும்?

பாரத்தையும் கணக்குப் பாருங்கள். 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பாரத்தின் வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றைப் பின் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. ஒரு பக்கத்து ஹப்புக்கு 5.75 டன். நம் ஊர்க் கணக்கில் நூற்று நாற்பது நெல் மூட்டைக்கு மேல். இவ்வளவும் உள் பேரிங், வெளி பேரிங் என்ற இரண்டு வளையங்களின் மேல் உட்கார்ந்து, மேடு பள்ளமான வயல் சாலையில் குதித்துக்கொண்டு வருகிறது. அதுவும் சட்டப்படி ஏற்றிய லோடுக்குத்தான் இந்தக் கணக்கு. மற்ற லோடுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், தை மாதக் கடைசி, சம்பா லோடு. ராத்திரி ஒன்பது மணிக்கு வலது பின்சக்கரத்துக்கு இரண்டு பேரிங்கும் மாற்றினேன். பழைய கப்பை, அதாவது பேரிங்கின் வெளி வளையத்தை, உளி வைத்து அடித்துத் தட்டி எடுத்தேன். வேறு சாமான் கையில் இல்லை. புதுசை இறக்கி, ஹப்பை மாட்டி, நட்டை முறுக்கினால் ஒரு இடத்தில் பிடிக்கிறது. கால் சுற்று பின்னால் விட்டேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது. "பாத்தீங்களா?" என்று டிரைவரிடம் பெருமையாக வேறு கேட்டேன்.

மூன்றாம் நாள் அதே வண்டி திரும்பி வந்தது. டிரைவர் சத்தம் போடவில்லை. கிரீஸில் ஊறிய பிரேக் லைனர் ஒன்றை என் மேஜைமேல் வைத்தார். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்க, வரிசையின் கடைசியில் நிறுத்தப் போயிருக்கிறார். பிரேக் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. முன்னால் நின்ற பஸ்ஸுக்கும் லாரியின் பம்பருக்கும் நடுவே ஒரு சாண் மிச்சம். பஸ்ஸின் கடைசி சீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்த்தார்.

ஹப்பைப் பிரித்தேன். உள் பேரிங்கின் கப்புக்கு அடியில், படிமானத்தில், நகத்துணுக்கு அளவில் ஒரு இரும்புச் சிராய். நான் உளி வைத்து அடித்ததில் கிளம்பியது. அதன்மேல் கப்பு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. ஒரே இடத்தில் பிடித்ததற்குக் காரணம் அதுதான். நான் செய்ததோ, நட்டை விட்டு அந்தப் பிடிப்பை மறைத்ததுதான். லோடு ஏறி ஓட ஓட, சிராய் நசுங்கிக் கப்பு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது. ஏற்கனவே தளர்த்தி வைத்த நட்டு, அதற்கு மேல் இந்த ஆட்டம். சக்கரம் அலைந்தது, ஆயில் சீலின் உதடு தேய்ந்தது, கிரீஸ் லைனருக்குப் போனது. ஆமாம், ஓட ஓட "சரியாகத்தான்" ஆனது!

அதற்குப் பிறகு ஹப்பு பிடித்தால் நான் முதலில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவேன். கோளாறு பேரிங்கில்தானா என்பதே முதல் கேள்வி. நான் பார்த்தவரை பாதி வண்டிகளில் பிடித்துக்கொண்டிருந்தது பேரிங் இல்லை. ஆக்சில் ஷாஃப்டைக் கழற்றாமல் சுற்றிப் பார்ப்பவர்கள் உண்டு; அப்போது கூடவே டிஃபரன்ஷியலும் சுற்றும், அந்தக் கனத்தைப் பேரிங்கின்மேல் போடுவார்கள். ஷாஃப்டை உருவுங்கள். அடுத்தது பிரேக். ஸ்பிரிங் பிரேக் உள்ள வண்டியில் காற்று இல்லையென்றால் பிரேக் பிடித்தபடியேதான் இருக்கும். டேங்கில் காற்று முழுசாக ஏறட்டும், அல்லது சேம்பரின் பின்னாலுள்ள போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கை அடக்குங்கள். (அந்த சேம்பரின் கிளாம்ப்பை மட்டும் கழற்றாதீர்கள். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் வெடித்துக் கிளம்பினால் ஆள் தப்பமாட்டான்.) பிறகு ஸ்லாக் அட்ஜஸ்டரை முழுக்கப் பின்னால் விட்டு, ஷூ ட்ரம்மைத் தொடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ட்ரம் தனியாகக் கழலும் வண்டியென்றால் அதையும் எடுத்துவிட்டு வெறும் ஹப்பைச் சுற்றுங்கள். ட்ரம்மோடு பிடித்து, ட்ரம் இல்லாமல் ஓடினால் புது லைனரின் கனமோ, முட்டை வடிவமாகிப்போன ட்ரம்மோ, வளைந்த தகரத் தட்டோ காரணம். பேரிங்கைத் திட்டாதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பிடித்தால், கண்ணை மூடிக்கொண்டு சுற்றுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கைக்குத்தான் இது தெரியும். சுற்று முழுவதும் ஒரே சீராகக் கனமாக இருக்கிறதா? நட்டு இறுக்கம், அல்லது கிரீஸை ஹப்புக்குள் சுவர் பூசுகிற மாதிரி அடைத்தது, அல்லது புது சீலின் உரசல். சீல் உரசல் லேசாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும், அது குற்றமில்லை. கிரீஸ் ரோலர்களுக்கு நடுவே நன்றாகப் புகவேண்டும், ஹப்பின் காலி இடத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். சுற்றுக்கு ஒரு தடவை, ஒரே இடத்தில் பிடிக்கிறதா? என் சிராய்க் கதை ஞாபகம் வரட்டும். கப்பு சாய்ந்திருக்கிறது. கரகரவென்று மணல் அரைபடுகிற மாதிரி விரலுக்குத் தெரிகிறதா? அழுக்கு போயிருக்கிறது, அல்லது சுத்தியலால் நேராக அடித்ததில் ரோலர் கப்பின்மேல் தழும்பு போட்டுவிட்டது. இந்தக் கடைசி வகைக்கு வைத்தியம் இல்லை. புது பேரிங்கானாலும் தூக்கிப் போடவேண்டியதுதான்.

கப்பு விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்து ஷெட்டுகளின் பாவம் பெரும்பாலும் அங்கேதான் சேருகிறது. ஹப்பின் துளை தேய்ந்து கப்பு தானாகச் சுற்ற ஆரம்பித்தால், துளையின் உள்சுவரில் பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாக அடித்துக் கப்பை இறுக்குவோம். தகரத் துண்டு செருகுவோம். இன்னும் துணிந்தவர்கள் கப்புக்கு இரண்டு இடத்தில் வெல்டிங் பொட்டு வைப்பார்கள். பஞ்ச் அடித்த மேடுகளின்மேல் கப்பு நேராக உட்காராது, உட்கார்ந்தாலும் பத்து லோடில் மேடு அமுங்கிப் பழையபடி சுற்றும். வெல்டிங் சூட்டில் கப்பின் கடினமே போய்விடும். தேய்ந்த ஹப்புக்கு லேத்தில் புஷ் போடவேண்டும், இல்லையென்றால் ஹப்பை மாற்றவேண்டும். ஓனருக்குப் பிடிக்காத பதில் என்று தெரியும்.

கப்பை இறக்கப் பித்தளை ராடு வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைப் பக்கம் வாங்கிய துண்டு, இருபது வருஷம் வந்தது. பழைய கப்பின் வெளிப்புறத்தைக் கொஞ்சம் கிரைண்ட் செய்து, புதுக் கப்பின்மேல் கவிழ்த்து வைத்து அடிப்பது அதைவிட உத்தமம். கடைசிவரை இறங்கும்போது அடியின் சத்தம் மாறும். டக் டக்கென்று மந்தமாகக் கேட்டது டங்கென்று கெட்டியாகும். அதோடு நம்பிவிடாமல் ஃபீலர் கேஜில் மெல்லிய தகட்டைக் கப்புக்கும் படிமானத்துக்கும் நடுவே சுற்றிலும் விட்டுப் பாருங்கள். எங்கேயும் நுழையக்கூடாது.

இன்னொரு உபாயம். மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, புதுக் கப்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு மணி நேரம் அதில் புதைத்து வையுங்கள். 150 மில்லிமீட்டர் கப்பு 30 டிகிரி குளிர்ந்தால் விட்டத்தில் சுமார் 0.05 மில்லிமீட்டர், நம் கணக்கில் இரண்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ), சுருங்கும். கப்பு துளையில் இறுகி உட்கார்வதே சில தௌ அளவில்தான் என்பதால் இந்த இரண்டு தௌவே பெரிய தயவு. பத்து அடியில் இறங்கவேண்டியது நான்கு அடியில் இறங்கும். வேர்த்த ஈரத்தை மட்டும் துடைத்துவிடுங்கள். ஹப்பில் மீன் வாடை அடிப்பதாக ஒரு டிரைவர் சொன்னார், அது கற்பனை.

உள்ளே ஹவுசிங் குழாயின் பக்கமும் பாருங்கள். பழைய கோன், அதாவது பேரிங்கின் உள் வளையம், ஒட்டிக்கொண்டு வராதபோது கேஸ் கட்டரால் அறுத்து எடுப்போம். அந்தத் தழும்பும், உருகி ஒட்டிய மணியும் குழாயில் நிற்கும். புது கோன் தோள்வரை போகாமல் அங்கே மாட்டிக்கொள்ளும். நட்டை முறுக்கினால் ஹப்பு பிடிக்கும், நாம் பேரிங்கைச் சந்தேகப்படுவோம். அரம் வைத்து, எமரி போட்டு, கோன் கையாலேயே வழுக்கிக்கொண்டு தோளில் போய் முட்டவேண்டும்.

பேரிங்கின் மேலுள்ள எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 32218 என்று இருந்தால் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்குங்கள், உள்விட்டம் 90 மில்லிமீட்டர். இது பல பேருக்குத் தெரியும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. எழுத்து மாறினால் சில நேரம் கோனின் சாய்வே மாறிவிடும். ஒரு டப்பாவின் கோனையும் இன்னொரு டப்பாவின் கப்பையும் ஜோடி சேர்த்தால் ரோலர் முழு நீளத்துக்கும் படியாமல் ஓரத்தில் மட்டும் நிற்கும். விலை அநியாயத்துக்குக் குறைவாக இருந்தால், எழுத்து மங்கலாக இருந்தால், டப்பா எவ்வளவு பளபளத்தாலும் வாங்காதீர்கள்.

என் தாத்தா பார வண்டி ஓட்டியவர். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையைக் குடத்துக்குள் தடவி, சக்கரத்தை மாட்டி, கடையாணி போட்டதும் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பார். கொஞ்சம் அலையவேண்டும். அலையாவிட்டால் கழற்றுவார். நாம் போடும் கோன் பேரிங்கும் வண்டிக்காரர் புத்தியில் பிறந்ததுதான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் குதிரை வண்டி செய்து பேர் வாங்கிய ஹென்றி டிம்கன் 1898-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நேர்ப் பாரத்தைத் தாங்கும் பேரிங் வண்டி திரும்பும்போது வரும் பக்கவாட்டு இழுப்பையும் தாங்கவேண்டும் என்பதற்காகத்தான் ரோலரைச் சாய்த்தார்கள். புனலுக்குள் புனல் உட்காருகிற மாதிரி. அதனால் நட்டை முறுக்க முறுக்க உள்புனல் வெளிப்புனலுக்குள் போய் இறுகிக்கொண்டே இருக்கும். சாதாரண பால் பேரிங்கில் எவ்வளவு இடைவெளி என்பதைக் கம்பெனியே முடித்து அனுப்பிவிடும். கோன் பேரிங்கில் அந்தக் கடைசி வேலையை நம் கைக்கு விட்டிருக்கிறார்கள்.

அந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்றால், ஹப்பு முன்னும் பின்னும் அலையவேண்டிய அளவு ஒரு தௌவிலிருந்து ஐந்து தௌ வரை. மில்லிமீட்டரில் 0.025-லிருந்து 0.127. தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய மூன்று தௌ. இப்போது நட்டுக்கு வாருங்கள். அதன் மரை ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், எட்டில் ஒரு சுற்று கால் மில்லிமீட்டர், அதாவது பத்து தௌ. "கொஞ்சம் விட்டுக் குடு" என்பதில் அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு கள்ளத்தனமும் நட்டில் உண்டு. உள் நட்டைச் சரியாக நிறுத்தி, லாக் வாஷர் போட்டு, வெளி நட்டை இறுக்கும்போது அது உள் நட்டை மரை இடைவெளி அளவுக்கு உள்ளே தள்ளும். லாக் செய்யும்வரை அழகாகச் சுற்றிய ஹப்பு, லாக் செய்ததும் பிடிக்கும். அமெரிக்க டிரக்கிங் சங்கங்களின் பராமரிப்புக் குழு சொல்லும் முறை இதற்கும் சேர்த்துத்தான்: ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டைச் சுமார் 270 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கு, அதில் ரோலர்கள் இடம் பிடிக்கும்; ஒரு முழுச் சுற்று விடு; மறுபடி சுற்றிக்கொண்டே 68-க்கு இறுக்கு; பின் அச்சென்றால் கால் சுற்று விடு; லாக் நட்டை இறுக்கு; அதற்கப்புறம் டயல் கேஜ் வைத்து அள. முன் அச்சுக்கு விடும் அளவு வேறு. உங்கள் வண்டிக் கம்பெனியின் புத்தகம் வேறு எண்ணைச் சொன்னால் புத்தகம் சொல்வதையே செய்யுங்கள். எந்தப் புத்தகமானாலும் அளப்பது கடைசியில், லாக் நட்டு இறுகிய பிறகு.

நானும் கால் சுற்று விட்டேன், இந்த முறையிலும் கால் சுற்றுதான் என்று யாராவது கேட்கலாம். அந்தக் கால் சுற்று, கப்பு முழுசாக உட்கார்ந்து, 68-க்கு இறுக்கிய இடத்திலிருந்து எண்ணியது. நான் எண்ணியது சிராயின் மேலிருந்து.

வண்டி கிளம்பிய பிறகும் வேலை முடியவில்லை. டிரைவரிடம் சொல்லி அனுப்புங்கள்: பதினைந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, ஹப்பின் நடுவில் புறங்கையை மெதுவாகக் கொண்டுபோய்ப் பார்க்கட்டும். மறுபக்கத்து ஹப்போடு ஒப்பிடட்டும். ட்ரம் ஓரம் சுட்டு நடு குளிர்ந்திருந்தால் பிரேக் உரசுகிறது. நடுவே சுட்டால் நாம் இறுக்கிவிட்டோம். சூடாக இருக்கும்போது வண்டியை வாய்க்கால் தண்ணீரில் இறக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள். சூடான ஹப்பு சட்டென்று குளிர்ந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஐப்பசியில் பிரிக்கும் ஹப்புகளில் கிரீஸ் மோர் நிறத்தில் இருப்பது அதனால்தான். ஆக்சிலின் மூச்சுக்குழலையும் ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். நம் ஊர்ச் சேறு அதை அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி கியர் ஆயில் சீலைத் தாண்டி ஹப்புக்குள் வரும், போட்ட கிரீஸ் எல்லாம் கழுவிக்கொண்டு போகும்.

டயல் கேஜ் வாங்கச் சொன்னால் செலவு என்பீர்கள். காந்தக் கட்டையோடு சேர்த்து என்னிடம் ஒன்று இருக்கிறது, முள் வைத்த பழைய வகை. சீசன் முடியும்வரை யார் வேண்டுமானாலும் வந்து வாங்கிப் போகலாம். கூடவே ஒரு நோட்டும் தருவேன். வண்டி எண், எந்தப் பக்கத்து ஹப்பு, லாக் நட்டுக்குப் பிறகு எத்தனை தௌ என்று எழுதித் திருப்பிக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான் வாடகை. நோட்டின் முதல் வரியில் இருப்பது நீடாமங்கலம் கேட்டில் நின்ற அந்த வண்டி. முதல் தடவை மாட்டியதற்கு தௌ கட்டத்தில் வெறும் கோடு போட்டிருக்கும். அடுத்த வரியில், சிராயை எடுத்துவிட்டு மறுபடி மாட்டியதற்கு, மூன்று.

அன்புடன்,
பழைய மேஸ்திரி ஒருவர்,
தஞ்சாவூர்